வண்டி திரும்பும் வரை

ஸ்ரீரங்கம்
12.4.2024

அன்புத் தங்கை பானுமதிக்கு,

அக்கா ஆனந்தவள்ளி எழுதுவது. நான், உன் மாமா, உமா மூவரும் சௌக்கியம். மலையில் நீயும், உப்பிலியபுரத்தில் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்?

போனை எடுப்பதில்லை என்று கோபித்துக்கொண்டு கடிதம் போட்டிருக்கிறாய். கோபத்திலும் உன் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. உன் மாமா டியூட்டியில் இருக்கும் நாளில் இங்கே போன் அடித்தால் எனக்கும் உமாவுக்கும் கை கால் ஓடாது. ஃபயர் ஸ்டேஷனிலிருந்து யாராவது பேசிவிடுவார்களோ என்ற பயம். "சாப்ட்டியாக்கா" என்று நீ கேட்டு முடிப்பதற்குள் எனக்கு உயிர் போய்த் திரும்பி வரும். உன் மலையில் டவரும் பாதி வார்த்தையை விழுங்கிவிடுகிறது. குவார்ட்டர்ஸ் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், நான் தும்மினால் பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா தைலத்தோடு வந்து நிற்கிறாள். அதனால் கடிதமே எழுது.

வெயில் இப்போதே கொளுத்துகிறது. கொள்ளிடக் கரையில் நாணல் தினமும் எரிகிறது. வீட்டுக்கு முன்னால்தான் ஸ்டேஷன் என்பதால் மணி அடித்தால் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும். வண்டி கிளம்பும்போது நாங்கள் எல்லோரும் வாசலில் நின்று பார்ப்போம். திரும்பும்போதும் பார்ப்போம். நடுவில் வீட்டு வேலை.

ஒரு செய்தி. எனக்குச் சர்க்கரையாம். நாற்பத்தொரு வயதுக்கு இது கொஞ்சம் அவசரம்தான். காலையிலும் சாயங்காலமும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பயப்படாதே. நர்ஸ் தங்கை இருக்கும்போது எனக்கென்ன.

உமா முழுப் பரீட்சை எழுதிவிட்டாள். சித்திக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள், கடிதத்தில் எப்படி வைப்பது என்று தெரியவில்லை.

உன் அக்கா,
வள்ளி

*

பச்சைமலை
20.4.2024

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். சனிக்கிழமை பஸ்ஸில் கீழே இறங்கும்போதுதான் இதைத் தபாலில் சேர்க்க முடியும்.

சர்க்கரை விஷயத்தை நாணலுக்குப் பின்னால் நாலு வரியில் எழுதியிருக்கிறாய். மாத்திரையின் பெயரை எழுதி அனுப்பு. சாப்பாட்டுக்கு முன் போடும் மாத்திரை என்றால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் சர்க்கரை தாறுமாறாக இறங்கிவிடும். இங்கே ஒரு அம்மா மாத்திரையைப் போட்டுவிட்டு மரவள்ளிக் காட்டுக்குக் கிழங்கு பிடுங்கப் போய், வரப்பிலேயே விழுந்துவிட்டார். கூட இருந்தவர்கள் வெல்லம் கொடுத்ததால் பிழைத்தார்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும்.

மாமாவுக்கு வணக்கம். உமாவின் முத்தம் வந்து சேர்ந்தது.

பானு

*

ஸ்ரீரங்கம்
9.5.2024

அன்புள்ள பானு,

ஆமாம். ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன்.

உடம்பெல்லாம் தேவலை. திங்கட்கிழமை மட்டும் சமையல்கட்டில் லேசாகத் தலைசுற்றல். உட்காரலாம் என்று நினைத்தேன், படுத்துவிட்டேன். நஜ்முன்னிசா வந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். வியர்த்துக் கொட்டி, அவள் கேட்டதற்கு ஏதோ உளறினேனாம். அரை மணியில் எழுந்து ரசம் வைத்தேன். உன் மாமாவுக்குத் தெரியாது. பஞ்சுக் கிடங்கு ஒன்று எரிந்து, களைத்துப்போய் வந்தவரிடம் இதையெல்லாம் சொல்லுவானேன்.

மாத்திரையின் பெயரை அட்டையிலிருந்து கிழித்து உள்ளே வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

வள்ளி

*

பச்சைமலை
15.5.2024

அக்கா,

சௌக்கியம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. அட்டையைப் பார்த்தேன். நான் பயந்த அதே மாத்திரைதான்.

திங்கட்கிழமை காலை மாத்திரை போட்டது எத்தனை மணிக்கு? என்ன சாப்பிட்டாய்? விழுந்தது எத்தனை மணிக்கு? அன்று பஞ்சுக் கிடங்கு எரிந்தது என்றால் வண்டி எப்போது போயிற்று, எப்போது திரும்பியது?

கடைசிக் கேள்வியை ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும். உன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். மணி அடித்ததும் தட்டை நகர்த்திவிடுவாய். பசிக்கவில்லை என்பாய். நானும் அதை நம்பினேன்.

பானு

*

ஸ்ரீரங்கம்
2.6.2024

அன்புள்ள பானு,

நீ நர்ஸாகப் போனது தப்பு. போலீஸில் சேர்ந்திருக்க வேண்டும்.

மாத்திரை போட்டது ஆறே முக்காலுக்கு. இட்லியைத் தட்டில் எடுத்து வைத்தபோது ஏழுக்கு மணி அடித்தது. நஜ்முன்னிசா என்னைப் பார்த்தது பகல் ஒரு மணிக்கு. பஞ்சு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்குமாம், வண்டி திரும்ப மூன்றரை ஆனது. அதன் பிறகு சாப்பிட்டேன்.

வண்டி வெளியே போயிருக்கும்போது நான் சாப்பிடுவதில்லை பானு. பன்னிரண்டு வருடமாக இப்படித்தான். உறையூர் மண்டபத்தில் உன் நிச்சயதார்த்தம் நடந்ததே, அன்று உன் மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் வந்தேன். வடை, பாயசம், எல்லாம். இலையில் நீதான் இரண்டாம் தரம் பாயசம் ஊற்றினாய். நான் வழித்துச் சாப்பிட்டேன். அதே நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் கிடங்கின் கூரை அவர் மேல் சரிந்தது. அவருடைய இடது காதையும் கழுத்தையும் நீ பார்த்திருக்கிறாய். ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது என் விரலில் நெய் வாசனை இருந்தது. எத்தனை தரம் கழுவியும் போகவில்லை.

அன்றிலிருந்து இப்படி. இது பக்தியும் இல்லை, விரதமும் இல்லை. அவர் நெருப்பில் நிற்கும்போது எனக்குச் சோறு இறங்குவதில்லை, அவ்வளவுதான்.

மாமாவிடம் சொல்லாதே. தெரிந்தால் அங்கே நிற்கும்போது இதை நினைப்பார். அங்கே நின்று எதையும் நினைக்கக் கூடாது. எனக்குச் சத்தியம் செய்து கொடு.

வள்ளி

*

பச்சைமலை
10.6.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாளாகப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். தடுப்பூசி போடும்போதுகூடப் பாயசக் கரண்டிதான் கண்ணில் நிற்கிறது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாளாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே.

கல்யாண ஆல்பத்துக்கு முன்னால் நிச்சயதார்த்தப் படங்கள் இருக்கின்றன. நேற்று எடுத்துப் பார்த்தேன். பந்தியில் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய். அதற்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் நீ அப்படிச் சிரிக்கவில்லை. நான் கவனித்ததே இல்லை.

சரி. மாமாவிடம் சொல்லமாட்டேன், சத்தியம். பதிலுக்கு நீ ஒன்று செய்ய வேண்டும். மாத்திரை போட்டால் மணி அடித்தாலும் சாப்பிட வேண்டும். இரண்டு இட்லி போதும். கண்ணை மூடிக்கொண்டு முழுங்கு.

பானு

*

ஸ்ரீரங்கம்
28.6.2024

அன்புள்ள பானு,

நீ சொன்னபடியே செய்கிறேன். நேற்று வண்டி போனபோதுகூட இரண்டு இட்லி சாப்பிட்டேன். உமா சாட்சி.

அவள் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். ஸ்கூல் நம் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான், டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுக்கிறேன். வளரும் பிள்ளை, இளைத்துப்போய் இருக்கிறாள். உயரம் கூடுகிறது அல்லவா, அதனால்தான்.

ஆடிப்பெருக்குக்கு வா. காவிரியில் தண்ணீர் வந்தால் அம்மாமண்டபம் போகலாம்.

வள்ளி

*

உப்பிலியபுரம்
10.8.2024

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

பானுமதி வணக்கத்துடன் எழுதுவது. இதுவரை உங்களுக்கு நான் கடிதம் எழுதியதில்லை. வீட்டு விலாசத்துக்குப் போட்டால் அக்கா பார்த்துவிடுவாள் என்பதால் ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன்.

ஆடிப்பெருக்கன்று நான் வந்திருந்தேனே, சாயங்காலம் நீங்கள் கலந்த சாதம் சாப்பிட உட்காரும் முன்பே மணி அடித்துப் போய்விட்டீர்கள். அக்கா தனக்கும் தட்டு போட்டாள். நான் பார்க்க வேண்டும் என்று போட்டாள். நான் தண்ணீர் எடுக்கத் திரும்பியதும் சாதத்தை அப்படியே கழுநீர்ப் பானையில் கொட்டினாள், ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். என்னிடம் காலித் தட்டைக் காட்டி, "சாப்ட்டேன்டி, பாரு" என்றாள். அதற்கு முன்பே மாத்திரையும் போட்டிருந்தாள். நான் வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி திரும்பும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மாமா, வண்டி வெளியே இருக்கும்போது அக்கா பன்னிரண்டு வருடமாகச் சாப்பிடுவதில்லை. மே மாதம் பஞ்சுக் கிடங்கு எரிந்த அன்று பகல் ஒரு மணிக்குச் சமையல்கட்டில் மயங்கிக் கிடந்தாள். நஜ்முன்னிசா பார்த்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சத்தியத்தை மீறுகிறேன். உங்களிடம் சொல்லமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பானுமதி

*

ஸ்ரீரங்கம் தீயணைப்பு நிலையம்
25.8.2024

பானுவுக்கு,

ஜெயக்குமார் எழுதுவது. எனக்கு அறிக்கை எழுதித்தான் பழக்கம், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

வள்ளி எனக்காகக் காத்திருந்து சாப்பிடுகிறாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்தேன். ஸ்டேஷனில் சொல்லிப் பெருமையும் பட்டிருக்கிறேன். தர்மராஜ் கூட, "குடுத்து வச்சவர் சார் நீங்க" என்பான்.

பஞ்சுக் கிடங்கு அன்று நடந்ததை எழுதுகிறேன், யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பகல் ஒரு மணி வாக்கில் கிடங்குக்காரர் எங்களுக்குப் புரோட்டா பொட்டலம் வாங்கிவந்தார். மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்ல பசி. குருமா போதவில்லை என்று நான் இன்னொரு பை கேட்டு வாங்கினேன். உன் கடிதத்தில் நேரத்தைப் பார்த்ததிலிருந்து அந்தக் குருமா தொண்டையிலேயே நிற்கிறது. அவள் தரையில் கிடந்திருக்கிறாள். நான் விரலை நக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே வள்ளியிடம் கேட்டுவிட்டேன். சத்தம்தான் போட்டேன். சத்தம் போட்டிருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை.

வேறொன்றும் இருக்கிறது. புதன்கிழமை ஒரு பேப்பர் கடையில் தீ. ஏணியில் ஏறும்போது, இன்றைக்கு இவள் சாப்பிட்டிருப்பாளா என்று தோன்றியது. ஒரு படி தவறிவிட்டது. தர்மராஜ் பெல்ட்டைப் பிடித்து இழுத்துவிட்டான். அடி இல்லை. இதை வள்ளியிடம் சொல்லாதே.

நீ எழுதியது சரிதான். உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஜெயக்குமார்

*

ஸ்ரீரங்கம்
12.9.2024

பானுமதிக்கு,

குவார்ட்டர்ஸில் ரகசியம் தங்காது. தர்மராஜ் அப்துல் சலாமிடம் சொல்லி, அவர் தன் மனைவி நஜ்முன்னிசாவிடம் சொல்லி, அவள் என்னிடம் சொல்லிவிட்டாள். ஏணியில் கால் தவறியது எனக்குத் தெரியும். எதை நினைத்துத் தவறியது என்றும் தெரியும்.

நான் பயந்தது இதற்குத்தான். சத்தியம் வாங்கியதும் இதற்குத்தான்.

கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.

ஆனந்தவள்ளி

*

பச்சைமலை
21.9.2024

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

மாமாவின் கால் தவறியதற்கு நான்தான் காரணம். அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் மறுபடி அந்த இடத்தில் நிறுத்தினால் மறுபடியும் மாமாவுக்கு எழுதுவேன். உனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருக்கவே கூடாது, என் தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியில் சொல்லி மாத்திரையையாவது மாற்றிக்கொள். உன் கால்களைப் பிடித்துக் கேட்கிறேன்.

பானு

*

ஸ்ரீரங்கம்
31.10.2024, தீபாவளி

என் பானுவுக்கு,

நாற்பது நாளாகிவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்தாயா? உன் வீட்டுக்காரர் கூட இருக்கிறாரா? இங்கே தீபாவளிக்கு லீவு கிடையாது என்று உனக்குத் தெரியும். உன் மாமா நேற்றே ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். புதுச் சட்டையை உமா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

உன்மேல் கோபம் எப்போது போனது என்று சொல்கிறேன். காலாண்டுப் பரீட்சை முடிந்து ஸ்கூல் திறந்ததும் பிலோமின்ராஜ் சார், உமாவின் வகுப்பு வாத்தியார், என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சில நாள் உமா டிபன் பாக்ஸைத் திறப்பதே இல்லையாம். மதியம் அதை அப்படியே ஸ்கூல் பின்பக்கம் நாய்க்குப் போட்டுவிட்டு, பாக்ஸைக் கழுவிக் காயவைத்துப் பையில் வைக்கிறாளாம். ஜூன் மாதத்திலிருந்து. நான் தினமும் காலி பாக்ஸைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

ஏன்டி என்று அங்கேயே கேட்டேன். அவள் வாத்தியாரைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "வண்டி போற சத்தம் கேட்டுச்சு சார். அப்பா போயிருப்பாங்க. அம்மா சாப்பிட மாட்டாங்க. நான் சாப்ட்டா தப்பு." காலித் தட்டைக் காட்டுவதையும் என்னிடம்தான் கற்றிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து அவள் யூனிபார்மைக் கழற்றினேன். பாவாடை நிற்கவில்லை என்று இடுப்பில் அவளே இரண்டு ஊக்கு குத்தியிருக்கிறாள். ஒரு ஊக்கு தோலில் உரசி உரசிப் புண்ணாகியிருந்தது. உயரம் கூடுகிறது என்று உனக்கு எழுதினேனே, அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அன்றைக்கு உன் மாமாவிடம் பேசினேன். எல்லாம் பேசினேன். அவரும் இரண்டாவது குருமாவைச் சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரையையும் மாற்றிக்கொண்டேன், அட்டையின் துண்டு உள்ளே இருக்கிறது. நஜ்முன்னிசாவிடம் சொன்னபோது அவள், வண்டி போனால் உடனே துணி துவைக்கப் போய்விடுவதாகச் சொன்னாள். துவைத்துக் காயப்போட்ட துணியையே எடுத்து மறுபடி துவைப்பாளாம். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு, என்ன சுத்தக்காரி என்று நான் கேலி பேசியிருக்கிறேன். இனி வண்டி போனால் அவரவர் தட்டோடு அவள் வீட்டில் உட்காருவது என்று பேசியிருக்கிறோம். இதுவரை நாலு தரம் உட்கார்ந்தோம். நாலு தரமும் நான் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. உமாவும் இரண்டு வாய்தான். எண்ணிக்கொண்டு சாப்பிடுகிறாள்.

மணி அடிக்கிறது பானு. வாசலுக்குப் போகிறேன்.

போய்விட்டார்கள். எட்டுப் பேர். காலை பத்தே முக்கால்.

நஜ்முன்னிசா வீட்டுக்கு நாங்கள் இருவரும் இட்லியும் கறிக்குழம்பும் எடுத்துக்கொண்டு போனோம். அவள் வாளியை வெளியே வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் வாய் வைத்தேன். பழைய நெய் வாசனை அப்படியே வந்தது. உமா தன் தட்டைத் தொடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மென்று முழுங்கினேன். அவள் ஒரு வாய் வைத்தாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை நான் எடுத்தபோது அவள் அப்பாவின் ஸ்டேஷன் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் எடுத்தாள். பிறகு நாங்கள் எண்ணவில்லை. குழம்பு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள். நானும் கேட்டு வாங்கினேன். தப்பு செய்கிற மாதிரியேதான் இருந்தது. அந்த நினைப்போடே சாப்பிட்டு முடித்தேன்.

ஒரு விஷயத்தை உனக்குச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. உன் நிச்சயதார்த்தத்தில் நீ இரண்டாம் தரம் பாயசம் ஊற்றினாய் என்று எழுதினேன். நீயாக ஊற்றவில்லை. நான்தான் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டேன். நன்றாக இருந்தது, அதனால் கேட்டேன். அந்தக் கரண்டியை இனி நீ சுமக்க வேண்டாம்.

இப்போது பகல் மணி ஒன்றே கால். வண்டி இன்னும் திரும்பவில்லை. தெருவெல்லாம் வெடிச் சத்தம். விடிகாலையில் எழுந்த அலுப்பில் உமா தூங்கிவிட்டாள். இரண்டு தட்டையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

உன் அக்கா,
வள்ளி